சூட்டின் மேல் பழி போடாதீர்கள்!



தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் பிள்ளைக்கு ஒன்றுக்குப் போகையில் எரிந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "உடம்புச் சூடு!" கால் பெருவிரலில் சுண்ணாம்பு, இரண்டு தம்ளர் மோர், தீர்ந்தது வைத்தியம்! மோர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் மூத்திரப் பாதையில் புகுந்த கிருமியை அது கொல்லாது. கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டால் குளிர்காய்ச்சல், வாந்தி. திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். பின்னாளில் இரத்தக் கொதிப்பும் வரலாம்.

சளி, இருமல் இல்லாத காய்ச்சல். நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருவது. கலங்கி நாறும் மூத்திரம். கைக்குழந்தை பால் குடிக்க மறுப்பது. இவை சிவப்பு சிக்னல்கள். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவது சிக்னலைத் தாண்டி வண்டி ஓட்டுவதாகும். முதலில் மூத்திரப் பரிசோதனை, கல்ச்சர். பிறகு டாக்டர் சொன்ன நாள் முழுவதும் மருந்து. காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. பாஷை தெரியவில்லையா? "பேஷாப் மே ஜலன்" என்றால் போதும், டாக்டருக்குப் புரியும். பெண் பிள்ளைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவக் கற்றுக்கொடுங்கள்.

ஆண் பிள்ளைகள் விஷயம்: சின்னக் குழந்தைக்கு முன்தோல் பின்னால் போகாதது நோயல்ல, பலவந்தமாக இழுக்காதீர்கள். 6 மாதமாகியும் விதை பைக்குள் இறங்கவில்லையென்றால் காட்டுங்கள்; ஆபரேஷன் தேவைப்பட்டால் 18 மாதத்துக்குள் முடிய வேண்டும். திடீரென விதையில் கடும் வலியா? விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் விதை செத்துப் போகும். பையன் வெட்கப்பட்டு மறைப்பான். சொல்லலாம் என்ற தைரியத்தை இன்றே கொடுங்கள்.

ஆனால் குற்றமெல்லாம் பெற்றவர்கள் மேல்தானா? பள்ளிக் கக்கூஸில் தண்ணீர் இல்லை, அல்லது பூட்டு. சால் கக்கூஸில் வரிசை, இரவில் இருட்டு. "அடக்கிக்கோடி" என்கிறோம். போக இடமில்லாததால் பெண் பிள்ளை தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்குப் போகிறாள். அடக்கி அடக்கியே கிருமி வளர்கிறது. இது சூட்டால் வந்த நோயா, பூட்டால் வந்த நோயா?

ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கக்கூஸும் குடிதண்ணீரும் பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். 6 மாதத்துக்குள் கட்டித்தர வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

சாலுக்கு ஐந்து தாய்மார்கள் புறப்படுங்கள். பள்ளிக்குள் போய்க் கக்கூஸைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, சாவி யாரிடம்? குறையைக் கையெழுத்துகளோடு மனுவாக்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலை வார்டு ஆபீஸில் முத்திரை போட்டு வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். பூட்டு திறக்கும்வரை விடக் கூடாது!