ஓட்டிசம் உள்ள ஊழியர்களுக்கு வேலைத்தலங்களில் இழைக்கப்படும் அநீதி: கண்டன அறிக்கை

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வசிக்கும் ஓட்டிசம் உள்ள வளர்ந்தோரையும் அவர்களின் குடும்பத்தினரையும் உறுப்பினராகக் கொண்ட எமது சங்கம், ஓட்டிசம் உள்ளவர்கள் வேலைத்தலங்களில் நடத்தப்படும் முறையைக் கண்டிக்கிறது. இக்கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.

எமது உறுப்பினர் ஒருவர் காலி வீதியிலுள்ள ஒரு நிறுவனத்தில் எட்டு மாதங்கள் சரக்குப் பதிவு வேலை செய்தார். அவருடைய பதிவுகளில் பிழை இருந்ததாக எவரும் கூறவில்லை. முன்னறிவித்தல் இன்றி அவருடைய இருக்கை வாடிக்கையாளர் வரிசைக்கு அருகே மாற்றப்பட்டது. இரைச்சல் தாங்காமல் அவர் காதுகளைப் பொத்திக்கொண்டார். அந்த வாரமே, இனி வர வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது. அதுவும் அவரிடம் அல்ல, அவருடைய தாயாரிடம். கடிதம் தரப்படவில்லை.

ஒழுக்காற்றுக் காரணம் இன்றி ஓர் ஊழியரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. தாயாருக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பு இவ்விரண்டில் எதுவும் அல்ல.

15 பேருக்குக் குறைந்த ஊழியர்கள் உள்ள இடங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் எமது பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்பவை பெரும்பாலும் அத்தகைய கடைகளே. அங்கு நிறுத்தப்படுபவருக்கு இந்தச் சட்டத்தின் காவல் இல்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், வேலைக்கு ஆட்சேர்க்கும்போது பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. சேர்ந்த பின்னர் ஊழியர் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதை அந்தத் தடை தொடவில்லை. எமது உறுப்பினர்களுக்கு அநீதி நடப்பது பெரும்பாலும் சேர்ந்த பின்னரே.

அதே சட்டம், வாழ்க்கைத் தேவைகளைத் தாமாகவே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற இயலாதவரையே மாற்றுத்திறனாளி என வரையறுக்கிறது. தாமாக உடுத்து, உண்டு, பஸ் ஏறி வேலைக்கு வருபவர் தமக்குப் பாதுகாப்புக் கேட்டால், அந்த வரையறையே அவருக்கு எதிராகக் காட்டப்படலாம்.

அடிப்படை உரிமை மீறல் வழக்கு அரச நிர்வாகத்துக்கு எதிராக மட்டுமே தொடுக்கக்கூடியது. தனியார் கடையில் வேலை செய்பவருக்கு அந்த வழியும் இல்லை.

அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தை, தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு 1988இல் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88 வெளியிடப்பட்டது. இயலாமை கடமைக்கு இடையூறாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. எது இடையூறு என்பதை நேர்முகப் பரீட்சைச் சபையே தீர்மானிக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசாத விண்ணப்பதாரியைப் பற்றி அச்சபை என்ன தீர்மானிக்கிறது என்பதை எமது உறுப்பினர்கள் அறிவார்கள்.

2006ஆம் ஆண்டின் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் சாய்தளம், கைபிடி, கழிப்பறை பற்றியவை. அவை தேவை. எமது உறுப்பினர்களுக்குத் தடையாக இருப்பது படிக்கட்டு அல்ல. வாய்மொழியாக மட்டும் தரப்படும் கட்டளை, சொல்லாமல் மாற்றப்படும் வேலைநேரம், இரைச்சல், தலைக்குமேல் எரியும் மின்குழாய் விளக்கு ஆகியவையே தடைகள். கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்குச் செலவில்லை. அதையும் மறுத்த முகாமையாளர்கள் உண்டு.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. நியாயமான வசதியை மறுப்பது பாரபட்சம் என அச்சமவாயம் கூறுகிறது. அரசு கையொப்பம் இட்டுள்ளது. வேலைத்தலங்களில் அக்கையொப்பத்துக்குப் பெறுமதி இல்லை.

பயிற்சி என்ற பெயரில் எமது உறுப்பினர்களிடம் முழுநாள் வேலை வாங்கப்படுகிறது. போக்குவரத்துக்கான பணம் மட்டும் கொடுக்கப்படுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்குப் பங்களிப்புச் செலுத்தப்படுவதில்லை. பிள்ளை வீட்டில் சும்மா இராமல் பொழுதுபோகிறதே என்று பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. வேலைக்கு உரியது சம்பளம். தருமம் செய்யுமாறு நாம் எவரிடமும் கேட்கவில்லை.

2012 குடிசன மதிப்பீட்டில் ஓட்டிசம் பற்றித் தனிக் கேள்வி இல்லை. வேலை செய்யும் வயதில் எமது பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அரசு எண்ணவில்லை. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. சிறிய ஆய்வுதான். எனினும் அன்றைய குழந்தைகள் இன்று வேலை தேடும் வயதில் இருக்கிறார்கள்.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை மாற்றப்பட வேண்டும். அதன் பாதுகாப்பு சம்பளம், வேலைச்சூழல், பதவியுயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றுக்கும், ஊழியர் தொகை பாராமல் எல்லா வேலைத்தலங்களுக்கும் விரிக்கப்பட வேண்டும். சம்பளமற்ற பயிற்சியைத் தொழில் திணைக்களம் பரிசோதிக்க வேண்டும்.

காரணம் எழுதித் தரப்படாமல் நிறுத்தப்பட்ட ஊழியர்களும் அவர்களின் குடும்பத்தினரும் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவதற்கும், உடன் வருவதற்கும் சங்க உறுப்பினர்கள் உள்ளனர்.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்
கொழும்பு