மூடிய அறையில் கரி வேண்டாம்

உறைபனி மாதங்களில் ஊட்டி, குன்னூர் வீடுகளில் ஜன்னலைச் சாத்தி, இரும்புச் சட்டியில் கரிக்கங்கு போட்டுக் குளிர்காய்வார்கள். புகை அடங்கியதும் ஆபத்து தீர்ந்தது என்று படுத்துவிடுவார்கள். கனன்றுகொண்டிருக்கும் கங்கோ விடியும்வரை கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணையும். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி அறையில் இரு இளைஞர்கள் கரிப்புகைக்கே பலியானார்கள். அறைக்குள் கரியடுப்பை எந்த விடுதியும் அனுமதிக்கக் கூடாது.

கரி மட்டுமல்ல, விறகும் கேடுதான்: தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் விறகுப்புகை அன்றாடத் துன்பம். அடுப்பங்கரைச் சூட்டில்தான் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலே தோட்ட நிர்வாகத்தின் கடமை. புகைபோக்கி இல்லாத வீட்டை வீடென்று கணக்கில் காட்ட மாவட்ட நிர்வாகம் இனி விடக் கூடாது.