நாக்கை அறுப்பதா? நாக்கைக் காப்பதா?

சென்னை வடபழனியில் முருகன் கோயில் ஏற்பட்ட விதத்தைப் பற்றிப் பக்தர்களே சொல்லும் கதை ஒன்று உண்டு. அண்ணாசாமி நாயக்கர் என்பவர் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டாராம். திருத்தணிக்குச் சென்று தமது நாக்கை அறுத்துக் காணிக்கை வைத்தாராம். உடனே வலி நின்றதாம். பிறகு 1890 வாக்கில் அவர் போட்ட ஓலைக் கொட்டகைதான் இன்று பெரிய கோயிலாக இருக்கின்றது. நாக்கை அறுக்கும் இக்காரியத்திற்குப் "பாவாடம்" என்று பெயரும் வைத்திருக்கின்றார்கள். அவர் பட்ட வலியை நாம் பரிகாசம் செய்யவில்லை. அந்தக் கதையை வைத்து இன்றைய நோயாளியை ஏமாற்றுவதைத்தான் கண்டிக்கின்றோம்.

ஏனெனில், சென்ற மாதம் அதே வடபழனியில் ஓர் அன்பரைக் கண்டோம். புகையிலை போடும் பழக்கமுள்ளவர். நாக்கின் ஓரத்தில் மூன்று மாதமாக ஆறாத புண். "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்றோம். "முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஐயா" என்றார். இந்த மூன்று மாதத்தை எந்தச் சாமி திருப்பிக் கொடுக்கும்?

நிற்க. வேறொரு நாக்குச் சங்கதியைக் கேளுங்கள். வடநாட்டில் அலிகாரில் உள்ள டாக்டர்கள், அமெரிக்க ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, ஆரம்ப நிலையிலுள்ள வாய்ப் புற்றுக்கு வெளிச்சத்தால் வைத்தியம் செய்து பார்த்திருக்கின்றார்கள். அமினோலெவுலினிக் அமிலம் என்னும் மருந்தைக் குடிக்கக் கொடுக்கின்றார்கள். உடம்பு அதைப் போர்ஃபைரின் என்ற பொருளாக மாற்றுகின்றது. புற்றுள்ள இடத்தில் அது அதிகமாகச் சேருகின்றது. நீல வெளிச்சம் காட்டினால் அவ்விடம் சிவப்பாய் ஒளிர்ந்து நோயைக் காட்டிக் கொடுக்கும். சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினால் அங்குள்ள பிராணவாயுவே விஷமாக மாறிப் புற்றைக் கொல்லும். மருந்து மட்டும் கொல்லாது. வெளிச்சம் மட்டும் கொல்லாது. இரண்டும் சேரும் இடத்தில்தான் வேலை நடக்கும். பாட்டரியில் எரியும் சிறு விளக்கே இதற்குப் போதும்.

இது எந்த ரிஷியின் கனவில் வந்தது? 1900-ல் ஜெர்மனியில் ஆஸ்கார் ராப் என்னும் மாணவர், சாயம் கலந்த நீரிலிருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் சாவதையும் இருட்டில் பிழைப்பதையும் கண்டு வெளியிட்டார். 1903-ல் அவருடைய ஆசிரியர் தப்பைனர், சாயம் பூசி வெளிச்சம் காட்டித் தோல் புற்றுக்கு வைத்தியம் செய்து பார்த்தார். 1912-ல் மேயர்-பெட்ஸ் என்ற டாக்டர் போர்ஃபைரின் மருந்தைத் தம் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார். வெயில் பட்டதும் முகம் வீங்கிற்று. அதை ஒளிக்காமல் எழுதி வைத்தார். நாயக்கரும் தம் உடம்பைக் கொடுத்தார். இந்த டாக்டரும் தம் உடம்பைக் கொடுத்தார். ஒருவர் கதையை நம்பு என்கின்றார்கள். மற்றவரோ சோதித்துப் பார் என்றார். பின்பு அமெரிக்காவில் டோகர்ட்டி என்பவர் உழைத்ததன் பயனாக, 1993-ல் கனடாவும் 1995-ல் அமெரிக்காவும் இவ்வைத்தியத்திற்கு அனுமதி கொடுத்தன.

"நம் முன்னோர்கள் கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிறுத்தி வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்யவில்லையா?" என்று ஆஸ்திகர்கள் கேட்கலாம். செய்தார்கள், சந்தோஷம். அது கண்ணால் பார்த்துக் கண்ட அனுபவம். அந்த அறிவை ஆராய்ந்து வளர்க்காமல் சுலோகத்தில் பூட்டி வைத்தது யார் என்றுதான் நாம் கேட்கின்றோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகின்றோம். சாமியைத் தள்ளிவிட்டு டாக்டரைச் சாமியாக்க நாம் வரவில்லை. இவ்வெளிச்சம் சதைக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போவதே கஷ்டம். முற்றிப் பரவிய புற்றை இது தீர்க்காது. சில மருந்துகளுக்குப் பிறகு பல வாரம் வெயிலில் தலைகாட்டக் கூடாது. இவற்றையெல்லாம் வைத்தியர்களே சொல்லுகின்றார்கள். தன் குறையைத் தானே சொல்லும் ஸ்தல புராணம் எங்காவது உண்டா?

ஆகவே ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதே முக்கியம். வடபழனியிலிருந்து சில மைல் தூரத்தில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கின்றது. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்துச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர், 1954-ல் 12 படுக்கைகளுடன் அதை ஆரம்பித்தார். தங்கை இறந்ததற்கு அந்த அம்மையார் விதியை நொந்துகொண்டு சும்மா இருக்கவில்லை.

தோழர்களே! வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலையை இன்றே விடுங்கள். இத்தகைய வெளிச்சக் கருவிகள் ஏழைகள் போகும் ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் வரவேண்டும் என்று சர்க்காரைக் கேளுங்கள்.

நாம் சொன்ன அன்பரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கின்றார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மூன்று மாதத்திற்கு முன்பே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது, அவர் தலை குனிந்தார். குனிய வேண்டிய தலை அவருடையதல்ல என்பதே நமது அபிப்பிராயம்.