பல்பு அணைந்தால் இன்குபேட்டரே நிற்கிறது

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் எடுத்து, நாட்டுக்கோழி முட்டைக்கு இன்குபேட்டர் ஓட்டுகிறோம். சூடு ஏறி பல்பு அணைந்ததும் சில நேரம் எஸ்எம்பிஎஸ்ஸும் நின்றுவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் ஓடும். ஒருநாள் இரவு நின்றதைக் கவனிக்கவில்லை. 14 நாள் முட்டை 60-ம் சில்லிட்டுவிட்டன. மாற்ற வேண்டியது பல்பா, தெர்மோஸ்டாட்டா?
- வாசகி, மணப்பாறை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டிலும் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு லோடு போதவில்லை.

எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று எல்லோரும் பார்க்கிறோம். இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற கணக்கும் பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு உண்டு. பெட்டி மேல் ஒட்டிய லேபிளில் அது பெரும்பாலும் இருக்காது. 20 வாட் பல்பு எரியும்போது ஏறக்குறைய 1.7 ஆம்பியர் ஓடும். அணைந்தால் சின்ன ஃபேனும் தெர்மோஸ்டாட்டும் மட்டும்தான்; கால் ஆம்பியர் தேறினாலே அதிகம். மேலும், 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் ஒரே மடையில் பிரியும் இரண்டு வாய்க்கால் மாதிரி. 5 வோல்ட்டில் யாரும் தண்ணீர் எடுக்காவிட்டால் மடைக்காரனுக்குக் கணக்குத் தப்பும். லோடு சட்டென்று விழும்போது வோல்டேஜ் எகிறுகிறது. உள்ளே இருக்கும் பாதுகாப்பு, சப்ளையை நிறுத்திப் பூட்டிவிடுகிறது.

சிவப்பு வயருக்கும் (5 வோல்ட்) கருப்பு வயருக்கும் நடுவே 4.7 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக இணையுங்கள். 1 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அது கை வைக்க முடியாத அளவு சுடும். தெர்மோகோல், வைக்கோல் பக்கம் வைக்காமல் தகரத்தில் பொருத்தி, எஸ்எம்பிஎஸ் ஃபேன் காற்று படும்படி வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் வரை தங்கியிருக்கும்.

பிறகு முட்டை வைக்காமல் இரண்டு நாள் ஓட்டுங்கள். பல்பு எரியும்போதும் அணைந்தபோதும் மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரே வோல்டேஜ் தருகிற இவற்றுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. 60 முட்டை விலையை நினைத்தால் அதுவே லாபம் என்பேன்.

இன்னொன்று. சில்லிட்ட முட்டையை அன்றே கொட்டிவிடக் கூடாது. மறுபடி 37.5 டிகிரிக்குக் கொண்டுவந்து, இரண்டு மூன்று நாள் கழித்து இருட்டறையில் டார்ச் பிடித்துப் பாருங்கள். கரு அசைந்தால் விட்டுவையுங்கள். 21 நாள் கணக்கு ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகும்.