பரணில் கிடக்கும் நெகட்டிவ்

வீட்டில் மாட்டியிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையும் ஓர் எண்ணும் இருக்கலாம். அது நெகட்டிவின் எண். அந்தக் காலத்தில் எத்தனை வருஷம் கழித்துப் போய் அந்த எண்ணைச் சொன்னாலும் ஸ்டுடியோக்காரர்கள் தேடியெடுத்துக் காப்பி போட்டுக் கொடுப்பார்கள். பெரம்பலூர், அரியலூர் கடைத்தெரு ஸ்டுடியோக்களின் அட்டைப்பெட்டிகளில் இரண்டு மூன்று தலைமுறை முகங்கள் இருந்தன.

அந்த நெகட்டிவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பென்சில் தடம் தெரியும். 'டச்சிங்' என்பார்கள். கூராகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பு விழுந்த இடத்தில் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பு கூடினால் பிரிண்டில் வெளுப்பு கூடும், தழும்பு மறைந்துவிடும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் கேட்கவே வேண்டாம், முதுகு வலிக்கக் குனிந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஃபிலிம் என்னை இழுப்பது இதனால்தான். படம் கையில் பிடிக்கிற பொருளாக இருந்தது. அதில் ஒருவருடைய உழைப்பு ஒட்டியிருந்தது.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய யாஷிகா கேமராவைத் தேடி வாங்கிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரத்துச் சிங்கமுகக் கிணற்றடியில் நிற்கிறார்கள். ரோலுக்கு 36 படம்தான் என்பதால் வெயில் திரும்பும்வரை காத்திருக்கிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. அவர்கள் போடும் ரோல் வெளிநாட்டுச் சரக்கு என்பதுதான் வருத்தம். 1960-ல் உதகையில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஆலை, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் செய்து கொடுத்தது. நலிந்து நலிந்து அதுவும் மூடிப்போனது.

ஆலை போனால் போகட்டும், நெகட்டிவாவது மிஞ்ச வேண்டும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக நிற்பது வெள்ளித் துகள். டிஜிட்டல் வந்து ஸ்டுடியோக்கள் படுத்தபோது, வெள்ளி எடுப்பவர்களிடம் பெட்டிபெட்டியாக எடைக்குப் போட்டவர்கள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாகப் பதிந்தது. அருமையான வேலை. அதற்காக நம் ஊர்ப் பரண் ஒவ்வொன்றுக்கும் அவர்களே வந்து ஏற முடியுமா?

ஸ்டுடியோ வைத்திருந்த குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நெகட்டிவ் பெட்டி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பரண் சூடு அதற்கு ஆகாது. கீழே இறக்கி, காகித உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். வினிகர் வாடை அடிப்பது கெட ஆரம்பித்ததன் அடையாளம். அதைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே, இந்த முகம் யார் என்று கேட்டு உறைமேல் எழுதிவிடுங்கள்.