வாட்ஸ்-அப்பில் ஆர்டர் பிடிக்கும் வியாபாரிகளே... பழைய செல்போனை தூக்கிப்போட்டால் பாக்கி பணம் கோவிந்தா!

திருப்பூர்:-

"அண்ணே, 300 டஜன் அனுப்பிடுங்க. 30 நாள்ல பணம்" என்று வாட்ஸ்-அப்பில் ஒரு மெசேஜ். பதிலுக்கு கட்டைவிரல் படம். அவ்வளவுதான், பனியன் வண்டியில் ஏறிவிடும். கையெழுத்தாவது, ஆர்டர் பாரமாவது!

சரி, சரக்கை வாங்கிய பார்ட்டி கையை விரித்தால்? அந்த மெசேஜ் கோர்ட்டில் செல்லுமா?

செல்லும். மின்னணு முறையில் பேசி முடித்தது என்பதற்காகவே ஒரு ஒப்பந்தத்தை தள்ளிவிட முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 10-ஏ பிரிவு. 2009-ம் ஆண்டு முதல் இது அமலில் உள்ளது. கனடாவில் ஆளிவிதை விற்கும் ஒப்பந்தத்துக்கு கட்டைவிரல் படம் அனுப்பிய விவசாயி, பிறகு சரக்கு தரவில்லை. அந்த படமே கையெழுத்துதான் என்று 2023-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 82 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு. அப்பீலும் 2024-ல் தள்ளுபடி ஆனது. அந்த தீர்ப்பு நம்மூர் கோர்ட்டை கட்டுப்படுத்தாது என்பது வேறு விஷயம்.

தலைவலி எல்லாம் நிரூபிப்பதில்தான். ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் போட்டு நீட்டினால் போதாது, சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கறாராக சொல்லிவிட்டது. போனின் உரிமையாளரே சாட்சிக்கூண்டில் ஏறி அசல் போனை காட்டினால் மட்டும் விலக்கு என்றது.

1-7-2024 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. சான்றிதழில் 2 பகுதி. ஒன்றில் போன் வைத்திருப்பவர் கையெழுத்து, மற்றதில் நிபுணர் கையெழுத்து. கூடவே 'ஹேஷ்' எண்ணும் வேண்டும். இது அந்த பதிவின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும்.

மோசடியை தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் 4 பவர் டேபிள் போட்டு கூலிக்கு தைத்து கொடுப்பவர், நாற்பதாயிரம் பாக்கிக்காக நிபுணரை எங்கே போய் தேடுவார்? சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்ததாக தெரியவில்லை.

சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்கு போட பொதுவாக 3 ஆண்டு டைம் உண்டு. நம்மாளுங்க அதற்குள் 2 போன் மாற்றிவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்சில் போவது போன் மட்டுமல்ல, சாட்சியும்தான். மெசேஜ் தானாக அழியும் வசதியை பார்ட்டி போட்டுவைத்தால் அதுவும் வம்பு.

பாக்கி வரும்வரை அசல் போனை பத்திரப்படுத்துங்கள். ஜி.எஸ்.டி. பில், இ-வே பில், லாரி ரசீது மூன்றையும் அந்த மெசேஜோடு சேர்த்து வைத்தால், "நான் ஆர்டரே கொடுக்கலீங்க" என்று பார்ட்டி பல்டி அடிப்பது கஷ்டம்.