ஊறுகாயும் கறுப்புச் சட்டையும்

தீபாவளிக்குக் கிள்ளான் லிட்டல் இந்தியாவில் வாங்கிய கறுப்பு டி-சட்டையை முதல் தடவை நனைத்தபோது வாளித் தண்ணீர் மசியாகிவிட்டது. "பார்த்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று மனைவி கடிந்துகொண்டார். திருப்பூர் சரக்கு என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

நான் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் வேலை செய்பவன். அந்த வாளியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது சாயமல்ல, உப்பு.

தண்ணீரில் நனைந்த பருத்தி எதிர் மின்னூட்டம் கொண்டது. சாயமும் அப்படியே. அதனால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். நடுவே புகுந்து சமாதானம் செய்து வைப்பது உப்புதான். அடர்ந்த கறுப்புக்கு ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 60 முதல் 100 கிராம் வரை போடுகிறார்கள். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் இருக்கிறது! வேலை முடிந்ததும் அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியேறும். துணியில் பிடிக்காத சாயமும் கூடவே போகும்.

சாதாரணக் கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும். ஆனால் என் பெரியம்மா போடும் மாங்காய் ஊறுகாய் ஏன் மாதக்கணக்கில் கெடுவதில்லை? நுண்ணுயிரின் உடலிலுள்ள தண்ணீரை உப்பு இழுத்துவிடுகிறது. சுத்திகரிப்புத் தொட்டியிலும் இதே கதைதான். மெல்ல மெல்லப் பழக்கினால் உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்களை வளர்த்துவிடலாம். ஆனால் இன்று கறுப்பு, நாளை இளமஞ்சள் என்று உப்பின் அளவு ஏறி இறங்கினால் அவையும் திணறும். குளோரின் கொட்டினால் நிறம் போகும்தான். கூடவே குளோரின் சேர்ந்த புதிய நச்சுகளும் உருவாகலாம். தெளிந்த தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று நம்புவது எங்கள் துறையின் பழைய வியாதி.

திருப்பூர் இதற்குக் கொடுத்த விலை பெரிது. நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள்! ஒரு பக்கம் விவசாயியின் கிணறு, மறுபக்கம் தொழிலாளியின் வாரச் சம்பளம். ஆற்றுக்குள் ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றியவர்களே மீண்டும் இயங்க முடிந்தது.

பாக்டீரியாத் தொட்டி, அதன்பின் ஆர்.ஓ. சவ்வு என்று போனால் நல்ல தண்ணீர் திரும்பக் கிடைக்கும். மிஞ்சுவது முன்னைவிடக் கரிக்கும் உப்புநீர். அதைக் காய்ச்சி வற்றவைக்க எரிபொருள் செலவு கையைக் கடிக்கும். கடைசியில் சாயம் கலந்த உப்பு மூட்டை மூட்டையாகக் குவியும், வாங்க ஆளிருக்காது.

எனக்குப் பிடித்தது வேறு வழி. அந்த உப்பு பட்டறைக்கு நாளையும் வேண்டுமே! ஓசோன் வாயுவைச் செலுத்திச் சாயத்தை உடைக்கலாம். பெரிய சாய மூலக்கூறுகளைத் தடுத்து, சோற்றுப்பைத் தப்பவிடும் நானோ வடிகட்டியும் இருக்கிறது. பிறகு உப்புநீரை அப்படியே சாயத்தொட்டிக்குத் திருப்பலாம். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றில் உப்புநீரை இப்படி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதில் கண்டிப்பான பரிசோதகர் பட்டறைக்காரரே. கரிமம் கொஞ்சம் எஞ்சினாலும் அடுத்த துணியின் நிறம் பிசகிவிடும். பிசகினால் அவர் புது உப்பு மூட்டையைப் பிரித்துவிடுவார்.